வெறுங்கை லீண்டர்

பந்து இன்னும் அடிபடவே இல்லை. லீண்டர் குயிக்லி அதைத் திட்ட ஆரம்பித்துவிட்டான். “வாடி, வா! எங்க போயிருவ?” மைதானத்தின் கடைக்கோடியில், என் பால் வண்டிக்கு எதிரேதான் அவன் நிற்பது. அவன் போடுகிற சத்தத்தில் என் குதிரையே காதை மடக்கிக்கொள்ளும்.

போன வருஷம் வரை செங்கல் சூளையில் மண் மிதித்தவன். இப்போது பேஸ்பால் ஆடச் சம்பளம்! “விளையாடுறதுக்குக் காசு குடுக்கிறானுங்க அண்ணே, பைத்தியக்காரப் பசங்க!” என்று சிரிப்பான். கையுறை கிடையாது, போட்டால் “என்ன மணப்பொண்ணே?” என்று ஊரே கேலி செய்யும். தோல் தடிக்கட்டும் என்று தினமும் புளித்த காடித் தண்ணீரில் கையை ஊறவைப்பான். அவனோடு கை குலுக்கினால் அன்று முழுக்க ஊறுகாய் வாசம்தான்.

மறுபடி சூளையா? அந்தப் பேச்சை எடுத்தாலே முகம் வெளுத்துவிடும். பருவத்தின் கடைசி ஆட்டம் முடிந்ததும் அணியின் காப்டன் ஹாஸ்லர் யாரோடெல்லாம் கை குலுக்குகிறாரோ, அவர்களுக்குத்தான் அடுத்த வருஷம் இடம். அடிபட்டவனைக் கிட்டேயே சேர்க்க மாட்டார்.

சனிக்கிழமை அந்தக் கடைசி ஆட்டம். பாதியிலேயே ஒரு பந்து அவன் வலது சுண்டுவிரலை முறித்துவிட்டது. ஷூ கயிற்றால் இறுக்கிக் கட்டிக்கொண்டு என்னைப் பார்த்தான்.

“அண்ணே, மூச்சு விட்டுராதீங்க. காப்டனுக்குத் தெரிஞ்சா நான் காலி.”

“முட்டாப் பயலே, விரல் தொங்குதுடா!”

“தொங்கட்டும். கழண்டு விழலையே!”

ஒரே ஓட்டத்தில்தான் நாங்கள் முன்னிலை. எதிரணியில் இரண்டு பேர் ஓடத் தயாராக நிற்க, கடைசி ஆளாக வந்த தடியன் ஓங்கி அடித்தான். அடேயப்பா, என்ன அடி! பந்து தரையைத் தொட்டால் தோற்றோம். லீண்டர் பந்துக்கு முதுகைக் காட்டி என் வண்டியை நோக்கியே ஓடி வந்தான். “வாடி!” என்று ஓர் அலறல், ஒரே பாய்ச்சல். குதிரை மிரண்டது, காலிக் கேன்கள் உருண்டன. புழுதியிலிருந்து எழுந்தவனின் உள்ளங்கைகளுக்கு நடுவே பந்து! ஜெயித்துவிட்டோம்! நான் வீசிய தொப்பி எங்கே விழுந்ததென்று இன்றுவரை தெரியாது.

ஹாஸ்லர் ஓடி வந்தார். பந்து வீசுகிறவனுக்கு எதிரே நின்று பதினைந்து வருஷம் வெறுங்கையால் பிடித்தவர். அவருடைய பத்து விரலும் பத்துத் திசையில் நிற்கும். வலக்கையை நீட்டினார்.

லீண்டர் தன் வலக்கையை முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டு இடக்கையை நீட்டினான். ஷூ கயிற்றின் நுனி மட்டும் இடுப்போரம் தொங்கி ஆடியது. ஹாஸ்லர் அதைப் பார்த்தார்.

“உன் காடி நாத்தம் குடலைப் புரட்டுதுடா,” என்று முனகிக்கொண்டே தன் வலக்கையை இழுத்துக்கொண்டு, இடக்கையை நீட்டினார்.