உள்ளூர் ஆட்கள் வர வேண்டாம்

ஓசூர் தாண்டி ஒரு தொழிற்பேட்டை வாசலில் பஸ்ஸை விட்டு இறங்குகிறேன். கிருஷ்ணகிரியில் நடந்த பயிற்சி வகுப்பில் கொடுத்த கையேடு பையில் இருக்கிறது. உள்ளூர்ப் பொருளாதார வளர்ச்சி பற்றிய முக்கியச் சொற்களும் விளக்கங்களும்: பங்கேற்பு, பயனாளி, வாழ்வாதார மேம்பாடு. வகுப்பில் எல்லாவற்றுக்கும் தலையாட்டிவிட்டு வந்திருக்கிறேன்.

எதிரே கம்பெனி மதிலில் ஆள் உயர எழுத்து: "உள்ளூர் வளர்ச்சியே எங்கள் வளர்ச்சி." அதற்குக் கீழேயே காண்ட்ராக்டர் ஒட்டிய தாள்: "வேலைக்கு ஆட்கள் தேவை. இந்தத் தாலுகா ஆட்கள் வர வேண்டாம்."

மதிலோரம் டீக்கடை வைத்திருக்கும் அம்மாவிடம், "என்னங்கம்மா இது அநியாயம்?" என்கிறேன்.

"உள்ளூரு ஆளுன்னா திருவிழாவுக்கு லீவு போடுவானாம். ஒரு பிரச்சனைன்னா பத்துப் பேரைக் கூட்டிக்கிட்டு வந்து நிப்பானாம். கம்பெனி இருக்கிறதே எங்க ராகிக் கொல்லையிலதாங்க." குரலைத் தாழ்த்துகிறார். "எம் பையன் மதுரைப் பக்கம் அட்ரஸ் குடுத்துத்தான் உள்ள சேர்ந்தான். வெளியூர் ஆளுங்களோட ஹாஸ்டல்லயே தங்கிக்கிறான்."

எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. நிலத்தை எடுக்கும்போது மட்டும் உள்ளூர் இனித்ததா? கையேட்டை அந்த மதில்மேலேயே விட்டெறியலாம் போலிருக்கிறது.

ஷிப்ட் முடிந்து ஆட்கள் வெளியே வருகிறார்கள். சூப்பர்வைசரோடு வந்த ஒரு இளைஞன், நிமிர்ந்து பார்க்காமல் சொல்கிறான்: "அக்கா, ரெண்டு டீ."

அந்த அம்மா தன் மகனிடம் கேட்கிறார்: "உங்களுக்குச் சக்கரை போடலாங்களா, தம்பி?"