எந்தக் கட்சியும் இல்லாத பந்தல்

எல்லையோரத்து வேலந்தாவளத்தில் ஒரு கல்யாண மண்டபத்தை என் மகளும் அவளுடைய சிநேகிதிகளும் வாடகைக்கு எடுத்தபோதே எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது. அரசியல் ரசிகர்களுக்குத் திருவிழாவாம். சினிமாவுக்கும் கிரிக்கெட்டுக்கும் கூடுகிற மாதிரி அரசியலுக்காகக் கூடுவார்களாம். பழைய சின்னங்களின் கண்காட்சி, தலைவர்கள் குரலில் பேசும் போட்டி, மாதிரிச் சட்டசபை. ஆனால் கட்சி கிடையாது. எங்கள் பக்கத்தில் ஓட்டுப் போடுவது கேரளத்தில், டி.வி.யில் பார்ப்பது தமிழ்நாட்டுச் சண்டை. இரண்டு பக்கத்துக் கட்சிகளும் வீட்டுக்கு வீடு இருக்கின்றன. இதற்கு மட்டும் பின்னால் ஆளில்லை என்றால் யார் நம்புவது?

நானே ஒரு கட்சியில் பல வருடமாக இருப்பவள். இரண்டு முறை பஞ்சாயத்து மெம்பர். ஆள் பிடிக்கும் வித்தையெல்லாம் எனக்குத் தெரியும். முதலில் இப்படித்தான் சோறு போட்டுச் சிரிக்கவைப்பார்கள். என் பெண்ணை எவனோ பகடைக்காயாக உருட்டுகிறான் என்று முடிவே கட்டிவிட்டேன்.

"நாலு கட்சிக்காரங்களும் வாரேன்னிருக்காங்கம்மா. பின்னால யாருமில்லைன்னு நம்பித்தான் வாராங்க. ஒருத்தருக்குச் சந்தேகம் வந்தாலும் அத்தனை பேரும் எந்திரிச்சுப் போயிருவாங்க. நீங்க பேசாம உக்காந்து பாருங்க, போதும்" என்று கெஞ்சினாள்.

பேசாமல் உட்காருவதா, நானா?

பந்தல் துணி சாக்கு நிறத்தில் இருந்தது. மற்ற நிறமெல்லாம் ஏதாவதொரு கட்சிக்குச் சொந்தம் என்று அதைத் தேடிப் பிடித்தார்களாம். அந்த நிறத்தில் புதுக்கட்சி ஏதும் வரப்போகிறதா என்று பந்தல்காரரைத் தனியாகக் கூப்பிட்டு விசாரித்தேன். சமையல்கட்டுக்குப் போய், அரிசி யார் சொல்லி வந்தது என்று கேட்டேன். மைக்செட்காரர், வேன் டிரைவர், ஒருவரையும் விடவில்லை. எல்லோரும் என் மகள் பெயரையே சொன்னார்கள். சொல்லிவைத்த மாதிரி ஒரே பதில் வந்ததே எனக்குப் பிடிக்கவில்லை.

உள்ளே கூட்டம் களைகட்டியிருந்தது. மாதிரிச் சட்டசபையில் ஆளுங்கட்சிக்காரர் எதிர்க்கட்சி வரிசையில் உட்கார்ந்து பேச வேண்டும் என்பது விதி. அதற்கே விசில் பறந்தது. கொஞ்ச நேரம் நானும் என்னை மறந்து சிரித்தேன்.

பிறகு பின் வரிசையில் ஒருவர் எழுந்தார். பக்கத்தில் இருந்தவரிடம் அவர் சொன்னது எனக்கே கேட்டது. "காலையில இருந்து மெம்பரக்காதானுங்க பந்தலு, சமையலு எல்லாம் மேப்பார்வை பாக்கறாங்க. அப்பறம் இது யாரு கூட்டமுங்க?"

ஒரு வரிசை காலியானது. அப்புறம் இன்னொன்று. மகள் மேடையிலிருந்து ஓடிவந்து மைக்கை என் கையில் திணித்தாள். "நீங்களே சொல்லுங்கம்மா."

என் கட்சிக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை என்று சொன்னேன். வாசலில் நின்ற ஒருவர் திரும்பிப் பார்த்து, "கட்சியில இப்படித்தான் சொல்லச் சொன்னாங்களாக்கும்?" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். எத்தனையோ மேடைகளில் பேசியிருக்கிறேன், இப்படி அவமானப்பட்டதில்லை.

மண்டபம் காலியான பிறகு மகள் நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்தாள். நானும் போய்ச் சேர்ந்துகொண்டேன். அவள் என் முகத்தைப் பார்க்காமல் கேட்டாள்:

"நெசமாச் சொல்லுங்கம்மா. கட்சியில உங்களை அனுப்பிச்சு வுடலைதானே?"

"இல்ல கண்ணு" என்றேன்.

சரியென்று தலையாட்டினாள். அவள் நம்பவில்லை.