ஓயாவுக்குப் போகாத பந்து

இந்த நினைவு மலரை நீங்கள் கையில் எடுக்கும்போது அண்ணன் எங்களைப் பிரிந்து ஓராண்டு நிறைந்திருக்கும். அவரைப் பற்றிப் பலரும் பல நல்ல வார்த்தைகள் சொன்னீர்கள். அவற்றில் ஒன்று உண்மையல்ல. அண்ணன் அடித்தால் பந்து ஓயாவை, மைதானத்துக்குக் கீழே ஓடும் ஆற்றை, தாண்டிப் போகும் என்றீர்கள். நான் பத்திரிகையில் வேலை செய்பவள். கேட்டதை விசாரிக்காமல் அச்சுக்குக் கொடுக்க மனம் வரவில்லை.

அண்ணன் ருவான்வெல்லைக்கு மேலே உள்ள எங்கள் இறப்பர் தோட்டத்தில், கீழ் லயத்தில், தொழிலாளர் வரிசை வீடுகளில் ஒன்றில் பிறந்தார். அப்பாவும் அம்மாவும் இறப்பர் மரங்களில் பால் வெட்டினார்கள். நாங்கள் இரண்டே பிள்ளைகள். அண்ணன் நகரத்துப் பாடசாலையில் சாதாரண தரப் பரீட்சை வரை படித்தார். அப்பா படுக்கையில் விழுந்ததும் படிப்பை விட்டுவிட்டுப் பால் வெட்டப் போனார். என்னைப் போகவிடவில்லை. "ரெண்டு பேரும் மரத்தக் கீறிக்கிட்டு இருந்தா வீட்டுல பேப்பர யாரு வாசிக்கிறது? நீ படி தங்கச்சி" என்றார். நான் கொழும்புக்குப் போனது அவரால்தான்.

பாடசாலையில் அவர் கற்ற ஒன்று மட்டும் தோட்டத்துக்கு ஒத்துவரவில்லை. நகரத்து மைதானம் சமதரை. அங்கே சிங்களப் பையன்களோடு விளையாடி, பந்தைக் காலில் வைத்திருந்து ஆள் பார்த்துத் தட்டிவிடப் பழகினார். எங்கள் மைதானத்தில் ஒரு பக்கம் மண்மேடு, மறு பக்கம் சரிவு, சரிவின் அடியில் ஓயா. இருந்தது ஒரே பந்து. அது ஓயாவில் விழுந்தால் யாராவது இறங்கி எடுத்துக்கொண்டு ஏறி வரவேண்டும். நடுவர் கடிகாரத்தை நிறுத்தமாட்டார்; முன்னிலையில் இருக்கும் அணிக்கு அந்த நேரமெல்லாம் லாபம். ஆகவே பின்னால் நின்று கோலைக் காக்கும் ஆட்டக்காரரை, எங்கள் பேச்சில் 'பேக்', மண்மேட்டில் நின்றவர்கள் ஒரே அளவுகோலால் அளந்தார்கள்: பந்தை ஓயாவுக்குள் எவ்வளவு தூரம் அடிக்கிறார்?

அந்த அளவுகோலில் முதலாமவர் லொறி ராமையா. அவர் எங்களுக்கு முந்திய காலத்தவர். நான் சிறுமியாக இருந்தபோது அவர் அடித்த பந்து ஓயாக் கரையில் விழுந்ததாகச் சொன்னார்கள். நான் உயர்தரம் படித்தபோது அது ஓயாவின் நடுவில் விழுந்தது. நான் பத்திரிகையில் சேர்ந்த ஆண்டில் ஓயாவைத் தாண்டி, அக்கரைச் சிங்களக் கிராமத்து வயலில் விழுந்துவிட்டது. இதற்கிடையில் ராமையா ஒரு தடவைகூடப் பந்தை உதைக்கவில்லை. அவர் காலமாகி வெகுநாளாகியிருந்தது.

அண்ணனோ பந்தை நெஞ்சில் வாங்கி, காலில் இறக்கி, நிமிர்ந்து பார்ப்பார். மேட்டில் கூச்சல் எழும். தலைமை மாணிக்கம் மாமா. தோட்டத்தில் யாரையும் யாரோடும் ஒப்பிடும் உரிமை அவருக்கே உண்டு என்று அவர் எண்ணியிருந்தார்.

"என்னடா பந்துக்கு ஜோசியமா பாக்குற? அடிடா!"

"லொறி ராமையா இந்நேரம் அடிச்சிட்டு வீட்டுக்குப் போயி டீயும் குடிச்சிருப்பாரு."

"டவுனுப் பயலுகளோட சேர்ந்து கெட்டுட்டான் மாமா."

யுத்த காலம் அது. திருவிழாக் கிண்ணத்தின் இறுதி ஆட்டத்தில் எங்கள் தோட்டமும் ருவான்வெல்லை நகரத்து அணியும் மோதின. நாங்கள் ஒரு கோல் முன்னே. விசில் ஊதச் சற்று நேரமே இருந்தது. பந்து அண்ணனிடம் வந்தது. அருகில் எதிராளி யாருமில்லை. "ஓயாவுக்கு அடி! ஓயாவுக்கு!" என்று மேடே கத்தியது. அண்ணன் வழக்கம்போலப் பந்தை நிறுத்தி, கோல்காக்கும் செல்வராஜுக்கு மெதுவாகப் பின்னால் தட்டினார். பந்து உருண்டு எங்கள் கோலுக்குள்ளேயே போனது. பிறகு பெனால்டியில் தோற்றோம்.

அன்று நானும் மேட்டில் நின்றேன். எல்லோரையும்போல அண்ணனின் காலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். செல்வராஜ் எங்கே நின்றார் என்று நான் பார்க்கவில்லை.

மறுநாளே தீர்ப்பு வந்துவிட்டது. அண்ணன் நகரத்து அணிக்கு விலைபோய்விட்டாராம். ஆட்டத்தை விற்கவில்லை என்றால் மாரியம்மன் சந்நிதியில், உள்ளங்கையால் சூடத்தை அணைத்துச் சத்தியம் செய்யட்டும் என்றார் மாணிக்கம் மாமா. எங்கள் தோட்டத்தில் ஒருவர் மீது விழுந்த சந்தேகத்தைத் தீர்க்க அதற்கு மேல் வழியில்லை.

அண்ணன் மறுத்தார். "பந்துக்கெல்லாம் சாமிய இழுக்க மாட்டேங்க. நான் விக்கல. அவ்வளவுதான்."

"பாத்தீங்களா? கை கூசுது!" என்றார் மாமா.

சில மாதங்களில் நகரத்து ஹார்ட்வெயார் கடை முதலாளி அண்ணனை வேலைக்கு எடுத்தார். முதலாளி நகரத்து அணியின் ஆதரவாளர். சந்தேகப்பட்டவர்களுக்கு அது போதுமாக இருந்தது. அண்ணன் தோட்டத்து அணிக்கு மீண்டும் விளையாடவில்லை. கடையில் சிங்களத்திலும் தமிழிலும் வியாபாரம் பேசினார், அண்ணியை மணந்தார், இரண்டு பிள்ளைகளை வளர்த்தார். கொழும்பு பஸ்ஸிலிருந்து படையினர் எங்களை இறக்கிச் சோதித்த ஒரு நாளில் என்னிடம் சொன்னார்: "செக்பொயின்ட்ல கேட்டா காட்டுறதுக்கு ஐடென்டி கார்ட் இருக்கு தங்கச்சி. தோட்டத்துல என்னத்தக் காட்டுறது?" அந்த ஆட்டத்தைப் பற்றி என்னிடம் அவர் பேசியது அவ்வளவே.

சென்ற ஆண்டு நெஞ்சுவலி வந்து, ஆஸ்பத்திரியில் சேர்த்த மூன்றாம் நாள் பிரிந்தார்.

காரியத்தன்று வீட்டு முன் பந்தலில் மாணிக்கம் மாமா பேசிக்கொண்டிருந்தார். அண்ணன் உயிரோடிருந்தவரை 'அவன்' என்றவர் இப்போது 'அவரு' என்றார். தோட்டத்து அணியில் இப்போது விளையாடும் இளம் பேக்கைப் பற்றிப் பேச்சு. அந்த இளைஞரும் வாசலில்தான் தண்ணீர் கொடுத்துக்கொண்டிருந்தார்.

"இவனெல்லாம் ஒரு பேக்கா? பந்தக் கால்ல வச்சி நோண்டுறான். அவரு மாதிரி வருமா? அவரு அடிச்சா பந்து ஓயாவத் தாண்டும்!"

பக்கத்தில் இருந்த செல்வராஜ் நிமிர்ந்தார். "மாமா, அவரு ஒருநாளும் ஓயாவுக்கு அடிச்சதில்லீங்க."

"நீ என்னடா சொல்ற?"

"அன்னிக்கு பைனல்ல மட்டும் அடிப்பாருன்னு நெனச்சிட்டேன். கடைசி நேரந்தானே, வேற யாரா இருந்தாலும் அடிச்சிருப்பாங்க. பந்து எடுக்க எறங்கி நின்னவன்கிட்ட 'மெதுவா ஏறி வாடா'ன்னு சொல்ல நான் ஓரத்துக்குப் போயிட்டேன். அவரு தட்டினப்ப கோல்ல நான் இல்ல."

மாமா செல்வராஜின் பக்கம் திரும்பினார்.

"அப்ப ஏன்டா இவ்வளவு நாளா வாயத் தொறக்கல?"

"சத்தியம் பண்ணச் சொல்லி அவரத்தானே கேட்டீங்க. என்ன ஒருத்தரும் கேக்கலியே. இப்ப வேணும்னா நான் சூடத்த அணைக்கிறேன்."

அண்ணனின் படத்துக்கு முன்னால் சூடம் எரிந்துகொண்டிருந்தது. அதை யாரும் செல்வராஜ் பக்கம் நகர்த்தவில்லை. மாணிக்கம் மாமா வெற்றிலைத் தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

நான் அதையும் உடனே நம்பவில்லை. இறந்தவருக்கு நல்லது சொல்வது எளிது. மறுநாள் காலை மைதானத்துக்குப் போனேன். செல்வராஜ் சொன்ன ஓரத்தில் நின்றேன். சரிவில் நிற்பவரோடு பேச வேண்டுமானால் அங்கே வரத்தான் வேண்டும், கோலுக்கு முதுகு காட்டத்தான் வேண்டும். நடந்திருக்கலாம் என்பதற்கு மேல் நிலம் எதுவும் சொல்லவில்லை. வீட்டுக்கு வந்து அண்ணியைக் கேட்டேன்.

"அவங்க ஒன்னும் சொன்னதில்ல. ஆனா டிவியில மேச் பாக்கும்போது எந்த நாட்டுக்காரன் பின்னால தட்டினாலும் கண்ண மூடிக்குவாங்க. 'ஆளு இருக்கானா பாரு'ம்பாங்க."

அதைக் கேட்ட பிறகே நம்பினேன். ஆளைப் பார்க்காமல் தட்டியது அண்ணனின் பிழை. அவர் விற்கவில்லை. செல்வராஜின் பெயரை அவர் ஏன் சொல்லவில்லை என்பதை நான் அறியேன். அவர்கள் இருவரும் அதைப் பற்றிப் பேசிக்கொண்டதே இல்லை என்று செல்வராஜ் சொல்கிறார். பெருந்தன்மை என்று எழுதினால் மலருக்கு அழகாக இருக்கும். சாட்சி இல்லாததால் எழுதவில்லை.

கடைசி நாட்களில் ஆஸ்பத்திரிக்கு ஆட்டோ கொடுத்து உதவியவர்களுக்கும், மூன்று நாளும் கடையை மூடி உடனிருந்த முதலாளிக்கும், பந்தல் போட்டுச் சமைத்துப் பரிமாறிய லயத்து உறவுகளுக்கும், தன் பெயரோடு இதை அச்சிடச் சம்மதித்த செல்வராஜுக்கும் அண்ணியும் பிள்ளைகளும் நானும் நன்றி கூறுகிறோம். பாடையின் முன் பக்கத்தைச் சுமந்த இளைஞருக்கும் நன்றி. தோட்டத்து அணியின் பேக் அவர்தான். மேட்டில் நின்று அவரை அண்ணனோடு ஒப்பிடுகிறவர்களிடம் ஒரு வேண்டுகோள். அவர் செய்வதைத்தான் அண்ணனும் செய்தார். அவரை ஏசுவதானால் அண்ணனையும் சேர்த்தே ஏசுங்கள். அண்ணனுக்கு அது பழக்கம்தான்.

— தங்கை