ஷோகேஸில் அளந்த காற்று

போன வருடம் ஐப்பசி மழை விடாமல் பிடித்துக்கொண்ட வாரத்தில், சேதராப்பட்டு என்ற தொழிற்பேட்டை ஊரில் நடந்தது இது. இன்றும் காலை ஆறு மணிக்குப் போன் அடித்தால் யாரென்றுகூடப் பார்க்காமல் எடுத்துவிடுகிறேன்.

எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். கல்லூரியும் முடித்து, காற்று மாசு நுரையீரலை என்ன செய்கிறது என்று ஆராயும் ஒரு குழுவில் வேலைக்குச் சேர்ந்திருந்தேன். அடையாள அட்டையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு கருவடிக்குப்பத்திலிருந்து ஸ்கூட்டியில் கிளம்பும்போது தெருவே என்னைப் பார்ப்பது போல இருக்கும்.

கைக்கடக்கமான ஒரு கருவியைப் பட்டையோடு வீட்டுப் பெண்களின் தோளில் மாட்டிவிடுவதுதான் என் வேலை. அவர்கள் சுவாசிக்கிற காற்றில் எவ்வளவு புகை, எவ்வளவு தூசி என்று ஒரு நாள் முழுக்க அது பதிவு செய்யும். மறுநாள் காலை பத்து மணிக்குப் போய் வாங்கி வருவேன்.

அப்படி நான் கருவி மாட்டப் போன வீடுகளில் ஒன்று சேதராப்பட்டில் ஒரு அக்காவுடையது. தொழிற்பேட்டைக்குப் போகும் வழியில் இட்லி விற்பவர். ஒரு மாதமாக இருமல். மூச்சை அளக்கும் குழாயில் ஊதச் சொல்லிப் பார்த்ததில் அளவு குறைவாக இருந்தது. எங்கள் குழுவின் டாக்டர் பெரிய ஆஸ்பத்திரிக்குச் சீட்டு எழுதிக் கொடுத்திருந்தார். கருவியை மாட்டிவிடும்போது நான் கொஞ்சம் பெருமையடித்துக்கொண்டேன்.

“பத்திரம்க்கா. வெளிநாட்டு மெஷின், ரொம்ப வெல. கெட்டுப்போனா அவ்வளவுதான்.”

“இன்னாம்மா, இத போயி எங்கிட்ட குடுக்கற!” என்று சிரித்தவர், சிரிப்பு முடிவதற்குள் இரும ஆரம்பித்துவிட்டார்.

பதிவைக் கம்ப்யூட்டரில் போட்டுப் பார்த்தேன். புகை குறைவு. விடியற்காலை நான்கரை மணிக்கு மேல் கோடு ஏற்ற இறக்கமே இல்லாமல் நேராகப் போயிருந்தது. தூங்கியிருப்பார் என்று நினைத்துக்கொண்டேன். முடிவைச் சொல்ல வேண்டியவர் டாக்டர், நானில்லை. ஆனாலும் அடுத்த முறை அந்தப் பக்கம் போனபோது வாய் சும்மா இருக்கவில்லை.

“உங்க வீட்டுக் காத்து நல்லா இருக்குக்கா.”

“அப்பாடா! அப்ப இது வெறும் சளிதான்” என்றார் அவர்.

ஆஸ்பத்திரிச் சீட்டு சாமி படத்துக்குப் பின்னால் போய்விட்டது. அது எனக்கு அப்போது தெரியாது.

நான்கு நாள் கழித்துக் காலை ஆறு மணிக்குப் போன். அக்காவின் மகள். பத்தாவது படிக்கிறவள். “அக்கா, அம்மாவால பேச முடியல. மூச்சு இழுக்குது. இன்னா பண்றதுன்னு தெரியலக்கா.”

“அம்மாவ வாசலுக்குக் கூட்டிட்டு வந்து உக்கார வை. படுக்க வைக்காத” என்று சொல்லிவிட்டு ஆம்புலன்சுக்குப் போன் செய்தேன். பிறகு மழையிலேயே கிளம்பினேன். சாலை நீளமாகிக்கொண்டே போனது. நல்லா இருக்குக்கா, நல்லா இருக்குக்கா என்று என் குரலே எனக்குக் கேட்டுக்கொண்டிருந்தது.

நான் போனபோது அவரை ஆம்புலன்சில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். உதடு நீலம் பாய்ந்திருந்தது. ஒரு வார்த்தைக்கே மூன்று முறை மூச்சு வாங்கினார். செருப்பை எடுக்க மகளோடு உள்ளே போனேன். கண் எரிந்தது. மழைக்காக அடுப்பை வீட்டுக்குள்ளேயே வைத்திருந்தார்கள். அதில் எரிந்துகொண்டிருந்தது ஃபேக்டரி பேக்கிங் பெட்டிகளின் பெயின்ட் அடித்த பலகை. இட்லிக் குண்டான் இன்னும் கொதித்துக்கொண்டிருந்தது. அந்த அறையில் என்னால் ஒரு நிமிடம் நிற்க முடியவில்லை.

அப்படியானால் கருவி எதை அளந்தது?

மதியம் ஆஸ்பத்திரியில் ஆக்ஸிஜன் மாஸ்க்கை நகர்த்தி அக்காவே சொன்னார். “புகைல கெட்டுடப் போவுதேன்னு, அடுப்பு மூட்டறப்ப மட்டும் கயட்டி, தொவச்ச துண்டுல சுத்தி, உள்ரூம்ல ஷோகேஸ்ல வச்சு கண்ணாடிய சாத்திட்டேம்மா. பொண்ணு ஸ்கூல்ல ஜெயிச்ச கப்புகூட அங்கதான் இருக்குது. ஒரு கீறல்கூட இல்ல, பாத்தல்ல?”

அவர் நான் சொன்னதைத்தான் செய்திருந்தார். இட்லி விற்கிறவர் விடியற்காலை நான்கரை மணிக்குத் தூங்குவாரா என்று எனக்குத் தோன்றியிருக்க வேண்டும். எங்கள் அம்மா அந்த நேரத்துக்கு எழுந்து சமைத்து வைத்துவிட்டு வேலைக்குப் போனதால்தான் நான் படித்தேன். அந்த வீட்டில் வளர்ந்தவள், நேர்கோட்டைப் பார்த்துத் தூக்கம் என்று நினைத்துவிட்டேன்.

“என் தப்புக்கா” என்றேன். “சே, அழுவாத. நீ அழுதா எனக்கு இருமல் வருது” என்றார்.

டாக்டரிடம் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டேன். அந்தப் பதிவு கணக்கில் சேரவில்லை. வேலை போய்விடும் என்று ஒரு வாரம் சரியாகச் சாப்பிடவில்லை; ஆனால் வேலை போகவில்லை. இரண்டு மாதம் கழித்து அக்கா அதே கருவியை மறுபடி மாட்டிக்கொண்டார். மழை விட்டு அடுப்பு கொல்லைக்குப் போயிருந்தது. அப்படியும் நான்கரை மணிக்குக் கோடு செங்குத்தாக ஏறியது. அதைக் காட்டித்தான் அவரைக் கேஸ் அடுப்புக்கு மாறச் சம்மதிக்க வைத்தார் டாக்டர்.

இப்போதும் கருவியை மாட்டிவிடுகிறேன். “கெட்டுப்போனா போவட்டும்க்கா, நீங்க எங்க இருக்கீங்களோ அங்க இதுவும் இருக்கணும்” என்றுதான் முதலில் சொல்கிறேன். நான் படித்தவள் என்ற பெருமை எனக்கு இன்றும் உண்டு. ஆனால் அந்தப் பெருமையில் நான் சொன்ன ஒரு வார்த்தையை நம்பி ஒருவர் மூச்சுக்குத் திணறியதை, ஒவ்வொரு தோளிலும் அந்தப் பட்டையை இறுக்கும்போது நினைத்துக்கொள்கிறேன்.