சைலன்சரில் ஒரு வலை

ஒரு வண்டி கிளம்பவில்லை என்றால் எந்த வரிசையில் பார்க்க வேண்டும் என்பது எனக்கு மனப்பாடம். முதலில் பேட்டரி, அடுத்து பிளக்கில் பொறி, பிறகு பெட்ரோல், கடைசியில் காற்று. சிவகாசியில் ஒரு பட்டாசுக் கம்பெனியில் முப்பது வருடம் பாதுகாப்பு அதிகாரியாக இருந்தவன் நான். வரிசையை மாற்றுகிறவர்களைத் திட்டுவதற்காகவே எனக்குச் சம்பளம் கொடுத்தார்கள் என்று நினைக்கிறேன்.

என் கார் கார்புரேட்டர் காலத்தது. ஓய்வு பெற்ற பிறகு நானும் காரும் அதிகம் வெளியே போவதில்லை. வாரம் ஒருமுறை காய்கறி வாங்க, எப்போதாவது கல்யாணத்துக்கு. சென்ற ஆவணியில் எதிர்வீட்டுக்காரர் அதை ஒருநாள் கேட்டார். அவர் நான் வேலை பார்த்த அதே கம்பெனிக்கு வேன் ஓட்டுபவர். காலையில் எங்கள் பக்கத்துப் பெண்கள் இருபது பேரை ஏற்றிப் போய் மாலையில் கொண்டுவந்து விடுவார். மகளைப் பிரசவத்துக்கு விருதுநகரில் சேர்க்க வேண்டும் என்றார். கொடுத்தேன். மறுநாள் டேங்க் நிறையப் பெட்ரோல் போட்டு, கழுவித் துடைத்து, சாவியைக் கையில் கொடுத்தார்.

"அண்ணாச்சி, வண்டி முன்ன மாதிரி இழுக்க மாட்டேங்கு. ஏத்தத்துல திணறுது. என்னன்னு ஒரு பார்வை பாருங்க" என்றார்.

இரவல் வாங்கியவர் குறை சொன்னால் நமக்குப் பிடிப்பதில்லை. பேரனா பேத்தியா என்றுகூடக் கேட்காமல் சாவியை வாங்கிக்கொண்டேன்.

மூன்றாம் நாள் வண்டி கிளம்பவில்லை. கோடு போட்ட நோட்டை எடுத்துக்கொண்டு இறங்கினேன். பேட்டரி சரி. இன்ஜின் நன்றாகவே சுற்றியது. பிளக்கில் நீலப் பொறி. பெட்ரோல் வருகிறது. பிளக்கைக் கழற்றினால் நனைந்திருந்தது. ஏர் ஃபில்டரும் சுத்தம். உள்ளே போகும் காற்றைப் பார்த்தேன். வெளியே போகும் காற்றுக்கு என் பட்டியலில் இடமே இல்லை. எல்லாம் சரி என்றால் மிச்சம் இருப்பது மனிதன்தான். யார் கடைசியாகப் பெட்ரோல் போட்டது? நல்ல பெட்ரோலை உறிஞ்சிவிட்டுக் கலப்படத்தை ஊற்றியிருக்கிறார். அதை மறைக்கத்தான் இழுக்கவில்லை என்று முன்கூட்டியே சொல்லி வைத்திருக்கிறார். நோட்டில் 'காரணம்' என்ற கட்டத்தில் அவரை எழுதினேன். வேலையில் இருந்தபோது எத்தனையோ விபத்து அறிக்கைகளில் அந்தக் கட்டத்தில் 'தொழிலாளியின் கவனக்குறைவு' என்று எழுதியிருக்கிறேன். பேனா பழகிய தடத்தில் போயிற்று.

அதோடு நிறுத்தியிருக்கலாம். கம்பெனி மேனேஜர் ஒரு காலத்தில் என் கீழே வேலை பார்த்தவர். அவருக்குப் போன் செய்து, பெட்ரோலில் கை வைக்கிறவரிடம் இருபது உயிர்களை ஒப்படைப்பது முறையா என்று கேட்டேன். முறை என்ற வார்த்தையைச் சொன்னால் அவர் இன்றும் எழுந்து நிற்பார். இரண்டே நாளில் வேனுக்கு வேறு டிரைவர். எதிர்வீட்டுக்காரருக்குக் கம்பெனி கேட்டில் காவல் வேலை.

பழைய பெட்ரோலை வடித்துப் புதிதாக ஊற்றினேன். கிளம்பவில்லை. மெக்கானிக் வந்து பிளக்கை மாற்றினார். கிளம்பவில்லை. இரண்டு வாரம் ஆயிற்று. நான் போன் செய்த கதை என் மனைவிக்குத் தெரியாது. ஞாயிற்றுக்கிழமை காலை எதிர்வீட்டுக்குப் போய், வண்டியை வந்து பார்க்கும்படி அவரிடமே சொல்லிவிட்டாள்.

அவர் வந்தார். ஸ்டார்ட் செய்யச் சொல்லிவிட்டுப் பின்னால் போய் சைலன்சர் முனையில் உள்ளங்கையை வைத்தார்.

"நிப்பாட்டுங்க சார். காத்தே வரலை."

'அண்ணாச்சி' இப்போது 'சார்' ஆகியிருந்ததை அப்போதுதான் கவனித்தேன். சைலன்சர் முனையில் நானே செய்து மாட்டிய கம்பி வலை இருந்தது. பட்டாசுக் கம்பெனிக்குள் வரும் வண்டிகளில் தீப்பொறி வெளியே வராமல் இருக்க மாட்டுவது. ஓய்வுக்குப் பிறகு எனக்கு அது தேவையே இல்லை; கௌரவத்துக்காக விட்டு வைத்திருந்தேன். போல்ட்டைக் கழற்றி அவர் வலையை எடுத்தார். கரி அப்பி, ஒரு கண்கூடத் திறந்திருக்கவில்லை.

"மூக்கைப் பொத்திக்கிட்டு ஓடச் சொன்னா எப்படி ஓடும்? கேட்டுல வார லாரி அம்புட்டுக்கும் குனிஞ்சு இதைத்தானே பாக்கேன். போன வாரம் ஒரு லோடு லாரி இப்படித்தான் கெடந்துச்சு. மாசம் ஒருக்கா களட்டிச் சுத்தம் பண்ணணும்னு அங்கன போர்டு இருக்கு சார்."

அந்த போர்டில் இருப்பது நான் எழுதிய வாசகம். அவர் அதைக் குத்திக்காட்டவில்லை. அதுதான் தாங்க முடியவில்லை. வலை இல்லாமல் வண்டி முதல் சாவியிலேயே கிளம்பியது.

மேனேஜரிடம் இன்றைக்கே பேசுகிறேன் என்றேன். அவர் கையைத் துடைத்துக்கொண்டே சொன்னார்:

"அவரு கெடக்காரு சார். வேன்ல வார பொம்பளையாளுக எல்லாரும் நான் பெட்ரோல் களவாண்டேன்னு நெனைக்காக. தெனமும் அவுகளுக்கு நாந்தேன் கேட்டைத் தொறந்து விடுதேன். அவுகட்டச் சொல்லுங்க."

மேனேஜரிடம் பேசினேன். அது சுலபமாக இருந்தது. திங்கட்கிழமை காலை தண்ணீர்த் தொட்டிப் பக்கம் வேன் நிற்கும் இடத்துக்குப் போனேன். பெண்கள் தூக்குவாளிகளோடு ஏறி உட்கார்ந்தார்கள். கதவருகே நின்று, உங்கள் பழைய டிரைவர் விஷயத்தில் ஒரு தவறு நிகழ்ந்துவிட்டது என்று ஆரம்பித்தேன். வழியெல்லாம் யோசித்து வைத்திருந்த வாக்கியம்.

முன் சீட்டில் இருந்த அம்மா கேட்டார்: "யாரு செஞ்ச தப்பு?"

வலையில் கரி அடைத்திருந்ததை விளக்கினேன்.

"கரி கெடக்கட்டும். யாரு செஞ்சது?"

"நான்தான்" என்றேன். பின்சீட்டிலிருந்து ஒரு பெண் கேட்கவில்லை என்றாள். அவளுக்குக் கேட்டிருக்கும் என்று எனக்குத் தெரியும். இன்னொரு முறை சத்தமாகச் சொன்னேன்: அவர் திருடவில்லை, தப்பு என் வண்டியிலும் என் மேலும்தான், பொய்ப் புகார் கொடுத்தது நான்.

"இதை எங்ககிட்ட மட்டும் சொல்லி என்னத்துக்கு? அவரு நிக்கும்போது சொல்லுங்க. ஏறுங்க" என்றார் முன் சீட்டு அம்மா. இரண்டு பேர் நகர்ந்து இடம் விட்டார்கள். தூக்குவாளிகளுக்கு நடுவே உட்கார்ந்து கம்பெனி வரை போனேன்.

கேட்டில் வேன் நின்றது. காவலுக்கு நின்ற அவர் கண்ணாடி வழியே என்னைப் பார்த்துவிட்டார். ஆனாலும் முறைப்படி முதலில் பின்னால் போய்க் குனிந்து சைலன்சர் வலையைப் பார்த்தார். நான் இறங்கி, அவர் நிமிர்வதற்காகக் காத்து நின்றேன். ஜன்னல்கள் ஒவ்வொன்றாகத் திறந்தன.