சளிமூக்குக் கோழியும் எர்மீனியாவின் பரீட்சையும்

லக்சம்பர்க் நாட்டில், எஷ் ஊர்ச் சந்தையில் கோழி விற்கும் போர்த்துக்கல்காரி எர்மீனியாவுக்கு நாலு மொழி தெரியும். நாலும் ஒரே மூச்சில் வரும் என்பதுதான் சங்கடம். போர்த்துக்கீசியத்தில் கும்பிடு போட்டு, பிரெஞ்சில் பேரம் பேசி, ஜெர்மனில் சில்லறை எண்ணி, உள்ளூர் பாஷையில் வழியனுப்பி வைப்பாள். புரியவில்லை என்று கோழியைத் திருப்பிக் கொடுத்தவர் இதுவரை யாரும் இல்லை.

கணவன் அடெலினோ பஸ் டிரைவர். அவன் முன்னமே உள்ளூர் மொழிப் பரீட்சையில் தேறி, இந்நாட்டுக் குடிமகன் ஆகிவிட்டான். அன்றிலிருந்து அவனோடு குடித்தனம் நடத்துவது ஓர் அரசாங்கத்தோடு குடித்தனம் நடத்துவது மாதிரி. சூப்பில் உப்புக் குறைந்தால், “எங்க நாட்டுல இப்படிப் பண்ண மாட்டாங்க” என்பான். பாராளுமன்றத் தேர்தலன்று இஸ்திரி போட்ட சட்டையோடு உள்ளே போய் ஓட்டுப் போட்டான். எர்மீனியா வாசலில் அவன் குடையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். இந்த ஊரில் பாதிப் பேருக்கு ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாடு போட்டவள் குடை பிடிக்கத்தான் லாயக்கா? மறுநாளே பரீட்சைக்குப் பெயர் கொடுத்தாள்.

முதல் தடவை கடற்கரைப் படம் ஒன்றைக் கொடுத்து விவரிக்கச் சொன்னார்கள். கடலே இல்லாத நாட்டின் பாஷையில் கடலைப் பற்றி அவள் யாரிடம் பேசிப் பழகியிருப்பாள்? பாதியில் போர்த்துக்கீசியம் அலையடித்து உள்ளே வந்துவிட்டது. தோல்வி. அடெலினோ தன் பாணியில் ஆறுதல் சொன்னான்: “விடு. எல்லாரும் குடிமக்கள் ஆயிட்டா, வெளிநாட்டுக்காரின்னு சொல்லிக்க ஒரு ஆளு வேணாமா?”

இரண்டாம் தடவை மூன்று படங்களை மேசையில் பரப்பி, பிடித்ததை எடுத்துக்கொள்ளச் சொன்னார்கள். ஒன்றில் பஸ் நிறுத்தம், ஒன்றில் பல் டாக்டர், ஒன்றில் பண்ணை முற்றம். முற்றத்தின் நடுவே, கிறிஸ்துமஸ் என்று ஒரு நாள் இருப்பதே தெரியாத மிடுக்கோடு, ஒரு வான்கோழி. சொந்தக்காரனைக் கண்ட சந்தோஷத்தில் எர்மீனியா அதை வெடுக்கென்று எடுத்தாள்.

வேலி, வைக்கோல், வாளி, நாய் எல்லாம் தடங்கலில்லாமல் வந்தன. பறவையிடம் வந்ததும் வாய் நின்றுவிட்டது. பெயர் தெரியாமல் இல்லை, தெரிந்ததுதான் தொல்லை. இந்த ஊரில் பேசுவது ஒரு பாஷை, விலைப்பலகையில் எழுதுவது பிரெஞ்சு. அதனால் அந்தப் பெயரை அவள் எழுத்தில் பார்த்ததே கிடையாது. காதில் விழுந்ததெல்லாம் ரைலஸ் என்கிற பழைய வாடிக்கைக்காரர் வாயிலிருந்துதான். அவரோ அதே பெயரால் தன் மச்சினனையும் சந்தை கேட்கத் திட்டுகிறவர். பெயரின் அர்த்தம், சளிமூக்குக் கோழி. குடியுரிமை கேட்டு வந்தவள் எடுத்த எடுப்பில் மூக்குச்சளியைப் பற்றிப் பேசினால் நாடு என்ன நினைக்கும்?

ஆகவே பெயரைச் சொல்லாமல் பேச்சிலேயே ஊரைச் சுற்றினாள்.

“இது யாரு வீட்டுப் பிள்ளைன்னு யாரும் ஒத்துக்க மாட்டாங்க ஐயா. இங்கிலீஷ்காரங்க துருக்கின்னு பேரு வச்சிருக்காங்க. என்கிட்ட வாங்குற துருக்கிக்காரரு, எங்களுது இல்ல, இந்தியாவுதுன்னு ஹிந்திங்கிறாரு. பிரெஞ்சுக்காரங்களும் இந்தியா தலையிலதான் கட்டுறாங்க. டச்சுக்காரங்க இன்னும் வெவரம், இந்தியாவுல கோழிக்கோடுன்னு ஊரோடயே சொல்லிடுறாங்க. நாங்க பெரு நாட்டுப் பேரைச் சொல்லித் தள்ளிவிட்டுட்டோம்.”

“நெசமா எந்த ஊரு?” என்றார் கண்ணாடி போட்ட பரீட்சை அதிகாரி.

“மெக்சிகோ பக்கமாம். அந்தப் பேரை மட்டும் இவங்க யாரும் வைக்கல.”

(நாம் தப்பித்தோம். வானத்தின் தலையில் கட்டிவிட்டு நிம்மதியாக இருக்கிறோம்.)

“சரி மதாம், நாங்க இங்க என்ன சொல்றோம்?”

எர்மீனியா மேசையைப் பார்த்தாள். “அது வேணாம் ஐயா. என்னைக் கௌரவமா வளர்த்திருக்காங்க.”

பரவாயில்லை என்று அவர் வற்புறுத்தினார். அவள் கதவு சாத்தியிருக்கிறதா என்று பார்த்துக்கொண்டு, பாவமன்னிப்புக் கேட்கிற குரலில், “ஷ்னுடல்ஹோங்” என்றாள்.

பக்கத்திலிருந்த இளம்பெண் அதிகாரி சிரிப்பை அடக்க முகத்தைத் துடைத்துக்கொண்டாள். “சத்தமாவே சொல்லுங்க மதாம். அதுதான் பேரு. அகராதியிலயே இருக்கு.”

“அகராதியிலயா? எங்க சந்தையில மச்சினனைத் திட்டுற வார்த்தையாச்சே!”

“ஆமா. மச்சினனைத் திட்டுறது மட்டும்தான் அதுல இல்ல.” அவளுக்கும் ஒரு மச்சினன் இருக்கிறான் போலும்.

எர்மீனியா நிமிர்ந்து உட்கார்ந்தாள். “அப்ப நீங்கதான் யோக்கியமானவங்க. மத்தவங்கெல்லாம் அதோட ஊரை விசாரிச்சாங்க. நீங்க மட்டும்தான் மூஞ்சியைப் பார்த்திருக்கீங்க.”

அதற்கப்புறம் மடை திறந்துவிட்டது. எதை வேகவைப்பது, எதை வறுப்பது, மார்புக்கறி ஏன் வறண்டு போகிறது என்று எல்லாம் உள்ளூர் பாஷையிலேயே, தப்பும் தவறுமாக, ஆனால் நிற்காமல் வந்தன. வெளியே அடுத்த ஆள் காத்திருந்தார். கண்ணாடிக்காரர் மார்புக்கறியைப் பற்றி இன்னொரு கேள்வி கேட்டார். அது பரீட்சைக் கேள்வி இல்லை என்பது எல்லோருக்கும் தெரியும்.

தேறிவிட்டாள் என்று செய்தி வந்த அன்று அடெலினோ அதை மறுபடி மறுபடி படித்துப் பார்த்தான். வீட்டில் இனி ஒரே அரசாங்கம் இல்லை. கடைசியில் எழுந்துபோய் ஒயின் புட்டியைத் திறந்து, அவளுக்கு முதலில் ஊற்றினான்.

அடுத்த சந்தையில், விலைப்பலகையில் பிரெஞ்சுப் பெயரைத் துடைத்துவிட்டு, உள்ளூர்ப் பெயரைச் சாக்கட்டியால் பெரிதாக எழுதினாள். பிறந்தது முதல் அந்த வார்த்தையைச் சொல்லி வளர்ந்தவர்கள் நின்று எழுத்துக் கூட்டிப் படித்தார்கள். சிரித்தார்கள். சிரித்தவர்கள் வாங்கினார்கள். ரைலஸ் வந்தார், படித்தார், முகம் சிவந்தார்.

“நாலு பேரு நடமாடுற இடம் எர்மீனியா. இதையெல்லாமா எழுதி வைப்பாங்க?”

“நம்ம அகராதியில இருக்கு, ரைலஸ் ஐயா,” என்றாள் எர்மீனியா. “தொடையா, மார்பா?”