திருத்தம் வந்த பிறகு

உசிலம்பட்டிப் பக்கம் நிலம் அளக்கப் போயிருந்தேன். அண்ணனோடு எல்லைத் தகராறு என்று என்னை அழைத்தவர், தலையில் துண்டு போட்ட ஒல்லியான ஒரு பெண். ஜிபிஎஸ் கருவி இடத்தைத் துல்லியமாகக் காட்ட, அதற்கு இன்டர்நெட்டில் வர வேண்டிய திருத்தம் வரவில்லை. கருவி எல்லையை எங்கோ அவர் நிலத்துக்குள் காட்டியது.

"வந்துருச்சா சார்?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார்.

சிம்மை மாற்றினேன். திருத்தம் வந்தது. எல்லை நகர்ந்து, அண்ணன் போட்ட போர்வெல் இவர் பக்கம் வந்துவிட்டது.

"உங்களுக்குத்தான் லாபம்மா."

"வேணாம் சார். மொதல்ல காட்டுன எடத்துலயே கல்லப் போடுங்க."

"அது தப்பும்மா."

"தப்பாவே இருக்கட்டும். அண்ணன் வயலுக்கு அம்புட்டுத் தண்ணியும் அந்தப் போருலதான் இருக்கு."

சரியான இடத்தில்தான் கல் ஊன்றினேன். நான் வண்டியைக் கிளப்பும்போது அவர் குனிந்து, அந்தக் கல் அசைகிறதா என்று இரண்டு கைகளாலும் ஆட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். அப்படியென்றால் என்னை எதற்காக அளக்க அழைத்தார் என்பது இன்றுவரை எனக்கு விளங்கவில்லை.